கணினியைக் கண்டுபிடித்தது யார்? பெரியப்பா சொன்னதில் எவ்வளவு சரி?

நீங்கள் கேட்டது இது. புதுச்சேரியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகளுக்குப் பேச்சுப் போட்டி. தலைப்பு ‘கணினித் துறையின் முன்னோடிகள்’. பாடப்புத்தகம் ‘கணினியின் தந்தை சார்லஸ் பாபேஜ்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. லீவுக்குப் பாரிஸிலிருந்து வந்திருக்கும் பெரியப்பாவோ, ‘அது இங்கிலீஷ்காரன் எழுதிவைத்தது. கம்ப்யூட்டரை முதலில் செய்தவன் பிரெஞ்சுக்காரன்’ என்று அடித்துச் சொல்கிறார். யார் சொல்வது சரி, இதில் தமிழர் யாராவது உண்டா?

பெரியப்பாவைச் சட்டென்று தள்ளிவிடாதீர்கள். கடைசி வரி ஒன்றைத் தவிர, அவர் பேச்சில் விஷயம் இருக்கிறது. நான் 1991 முதல் பதினெட்டு வருடம் மிஷன் வீதிக்குப் பின்னால் ஒரு மாடியறையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தியவன். கடற்காற்று பட்டு மெமரி கார்டின் செப்புப் பற்கள் கறுத்துப்போகும், மெஷின் கிளம்பாது. பிள்ளைகள் பென்சில் அழிக்கும் ரப்பரால் அதைத் தேய்த்துச் செருகினால் மறுபடி ஓடும். அந்த அறையில் வருடாவருடம் இதே கேள்வி வரும்: ‘சார், இதைக் கண்டுபிடித்தது யார்?’ ஆரம்பத்தில் நானும் பாபேஜ் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் அப்படிச் சொல்வதை விட்டுவிட்டேன்.

ஏன் என்றால், எந்த வேலையை முதலில் செய்தது யார் என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும். கூட்டிக் கணக்குப் போடும் பெட்டியா? ஒரே எந்திரத்துக்கு வேறு வேறு வேலை சொல்லிக்கொடுக்கும் வழியா? மின்சாரத்தில் ஓடியதா? மேசை மேல் வைத்ததா? ஒவ்வொன்றுக்கும் வேறு ஆள், வேறு ஊர்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் ‘கம்ப்யூட்டர்’ என்பது முதலில் எந்திரத்தின் பெயரே இல்லை. உட்கார்ந்து கணக்குப் போடும் ஆளின் பெயர், ஓர் உத்தியோகம். நம்மிடமும் அப்படி ஒரு சொல் உண்டு: கணியன். கோளும் நாளும் கணித்துச் சொல்பவர். கணியன் பூங்குன்றனார் பெயரில் இருப்பது அந்தச் சொல்தான். ஆக, ஆளின் பெயர் எந்திரத்துக்குப் போன கதை இது. உங்கள் மகள் இதைச் சொன்னால் நடுவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சரி, பெரியப்பாவின் கட்சியிலிருந்தே தொடங்குவோம். பிளேஸ் பாஸ்கால். அவருடைய அப்பா ரூவான் என்ற ஊரில் வரி அதிகாரி. ராத்திரி பகலாகக் கூட்டல் போட்டுக் கஷ்டப்படும் அப்பாவைப் பார்த்து, 1642-ல், 19 வயதில், பல்சக்கரங்கள் வைத்த ஒரு பெட்டியைச் செய்யத் தொடங்கினார் மகன். ஒரு சக்கரம் ஒன்பதைத் தாண்டினால் பக்கத்துச் சக்கரம் ஒரு பல் நகரும். வாயில் ‘மீதி ஒண்ணு’ என்று சொல்லிக்கொண்டே கூட்டுவோமே, அந்த ஒன்றை எந்திரமே தூக்கிப் போட்டது. பணக் கணக்குக்கான பெட்டிகளில் எல்லாச் சக்கரத்துக்கும் பத்துப் பல் கிடையாது. அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பணத்தில் ஒரு லீவருக்கு 20 சோல், ஒரு சோலுக்கு 12 தெனியே. அதனால் 20 பல், 12 பல் சக்கரங்களும் உண்டு. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை என்று கணக்கெழுதிய நம் தாத்தாக்களுக்கு இது உடனே புரிந்திருக்கும். ஆனால் பாஸ்காலுக்குச் சுமார் இருபது வருடம் முன்பே ஜெர்மனியில் ஷிக்கார்ட் என்பவர் கணக்குப் போடும் கருவிக்குப் படம் வரைந்து கடிதம் எழுதியிருக்கிறார். ‘முதல்’ என்ற சொல் இப்படித்தான் கையில் நிற்காமல் வழுக்கும். அது போகட்டும், பாஸ்காலின் பெட்டிக்குக் கூட்டவும் கழிக்கவும்தான் தெரியும். வேறு வேலை சொன்னால் கேட்காது. ஆகவே அதைக் கணினி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெரியப்பா அடுத்து யாரைச் சொல்கிறாரோ தெரியாது, என்னைக் கேட்டால் லியோன் நகரத்து நெசவுக்காரர் ஜக்கார்டைச் சொல்லியிருப்பேன். உங்கள் வீட்டுக் கல்யாணப் பட்டுப்புடவையில் அவர் பெயர் இருக்கிறது.

என் தங்கை கல்யாணத்துக்குப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போனபோது கடைக்காரர் பின்கட்டில் தறி பார்க்கக் கூட்டிப்போனார். குழித்தறி. நெசவாளர் குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்திருக்கிறார். தறிக்கு மேலே, கூரைக்குக் கிட்டத்தில், ஒரு மரப்பெட்டி. அதிலிருந்து ஓட்டை ஓட்டையாகக் குத்திய அட்டைகள் ஒன்றோடொன்று நூலால் கோத்து மாலை மாதிரித் தொங்குகின்றன. அவர் மிதியை அழுத்தினால் ‘டக்’ என்று ஒரு சத்தம். ஓர் அட்டை திரும்பி ஊசி வரிசையில் போய் முட்டுகிறது. ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போய்விடும். அதனோடு சேர்ந்த கொக்கி மேலே எழும்பிப் பாவு நூலைத் தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடும். அந்த நூல் எழும்பாது. எழுந்த நூல்களுக்கு அடியில் ஜரிகை ஓடும். அடுத்த மிதி, அடுத்த அட்டை. கரையில் மயில் வளர்ந்துகொண்டே வருகிறது. நான் கேட்டேன்: ‘மயிலுக்குப் பதில் யானை வேண்டுமென்றால்?’ அவர் தலை நிமிராமல் சொன்னார்: ‘அட்டையை மாத்தணும், தறி அதேதான்.’

இரண்டு வருடமாக நான் கரும்பலகையில் எழுதி எழுதிப் புரியவைக்கப் பார்த்த விஷயம் அது. தறி அதேதான், அட்டையை மாற்றினால் வேலை மாறும். கணினிக்கும் கால்குலேட்டருக்கும் உள்ள வித்தியாசம் இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ஜக்கார்டு இதைச் செய்து காட்டியது 1804 வாக்கில். அவருக்கு முன்னால் அதே பிரான்சில் பூஷோன், ஃபால்கோன், வோகான்சோன் என்று மூன்று பேர் ஓட்டை போட்ட காகிதத்தோடும் அட்டையோடும் மல்லுக்கட்டியிருந்தார்கள். ஜக்கார்டு அவற்றைச் சேர்த்து, ஒரே ஆள் தனியாக ஓட்டக்கூடியதாக ஆக்கினார். பூத்தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நூல் இழுத்துக்கொண்டிருந்த உதவியாளுக்கு வேலை போயிற்று. பின்னாளில் ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்குச் சுமார் 24,000 அட்டைகள். பார்த்தால் செதுக்கோவியம் மாதிரி இருக்குமாம். அதில் ஒரு பிரதியை லண்டனில் ஒருவர் வாங்கித் தன் வீட்டில் மாட்டிவைத்து, வருகிறவர்களிடம் இது எதனால் ஆனது சொல்லுங்கள் பார்க்கலாம் என்று கேட்டு விளையாடுவார். அவர்தான் உங்கள் பாடப்புத்தகத்து சார்லஸ் பாபேஜ்.

பாபேஜ் முதலில் கணித அட்டவணைகளைப் பிழையில்லாமல் அச்சிட ஓர் எந்திரம் கட்டத் தொடங்கினார். பிரிட்டிஷ் அரசு 17,000 பவுனுக்கு மேல் கொட்டியது. எந்திரம் முடியவில்லை. காரணம் பாதி அந்தக் காலத்துப் பட்டறைகள், பாதி அவருடைய குணம். ஒன்றை முடிக்கும் முன் அதைவிடப் பெரியது தோன்றிவிடும். அப்படி 1830-களில் தோன்றியதுதான் பகுப்பாய்வு எந்திரம். அதில்தான் ஜக்கார்டின் அட்டை உள்ளே வருகிறது: என்ன கணக்கு என்பதை அட்டை சொல்லும், எந்திரம் செய்யும். எண்களை வைக்கும் பகுதிக்கு அவர் ‘ஸ்டோர்’ என்று பெயர் வைத்தார். கணக்கு அரைபடும் பகுதிக்கு ‘மில்’. ரோடியர் மில் சங்கொலி கேட்டு நேரம் பார்த்த ஊர் நம்முடையது; பிராசஸருக்கு முதலில் வைத்த பெயர் மில் என்றால் நமக்கு ஒரு தனி சந்தோஷம் வராதா?

அந்த எந்திரமும் காகிதத்திலேயே நின்றுவிட்டது. 1871-ல் பாபேஜ் இறந்தார். ஆனால் அவருடைய இன்னொரு வரைபடத்தை வைத்து லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991-ல் ஓர் எந்திரத்தைக் கட்டிப் பார்த்தது. ஓடியது. அதாவது மனிதர் போட்ட கணக்கு சரி.

இப்போது ஏடா லவ்லேஸ். இவரைப் பற்றி மேடையில் ‘முதல் புரோகிராமர்’ என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போவார்கள். அது எப்படி நடந்தது என்பதுதான் அழகு. பாபேஜ் 1840-ல் இத்தாலியில் தூரின் நகரத்தில் தன் எந்திரத்தைப் பற்றிப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த மெனாப்ரேயா என்ற இளம் பொறியாளர் அதைக் கட்டுரையாக எழுதினார், பிரெஞ்சில். பெரியப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், மகிழ்ச்சி அடைவார். அதை ஏடா ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1843-ல் வெளியானபோது அவர் சேர்த்த குறிப்புகள் மூலக் கட்டுரையைப் போல மூன்று மடங்கு. கடைசிக் குறிப்பில், கணிதத்தில் வரும் பெர்னூலி எண்கள் என்ற வரிசையைக் கணக்கிட எந்திரம் எந்த வரிசையில் என்ன செய்ய வேண்டும் என்று கட்டம் கட்டி எழுதினார். அதைவிடப் பெரிய விஷயம், எண்களைத் தவிர வேறு எதையும், இசையைக்கூட, விதிகளாக மாற்ற முடிந்தால் இந்த எந்திரம் கையாளும் என்று பார்த்தது அவர். ஜக்கார்டு தறி பூவும் இலையும் நெய்வது போல இது இயற்கணிதத்தை நெய்கிறது என்று எழுதினார். பாபேஜுக்கே அந்த அளவு தூரம் கண் போகவில்லை என்பது என் எண்ணம். ஏடா 36 வயதில் இறந்துபோனார்.

அட்டை அதோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹெர்மன் ஹாலரித் ஆளுக்கு ஓர் அட்டை குத்தி மின்சாரத்தால் எண்ணினார். அவருடைய கம்பெனி வேறு கம்பெனிகளோடு சேர்ந்து 1924-ல் ஐ.பி.எம். என்று பெயர் மாறியது. தறியில் தொடங்கிய அட்டை அப்படி அலுவலகத்துக்குள் நுழைந்தது.

இனி ஆலன் டூரிங். உங்கள் மகள் ஒரே ஒருவரைத்தான் பேசலாம் என்றால் நான் இவரைச் சொல்வேன். 1936-ல், 24 வயதில், எந்தப் பட்டறையும் இல்லாமல் காகிதத்திலேயே ஒரு கேள்விக்கு விடை கண்டார்: எந்திரத்தனமாகக் கணக்கிடுவது என்றால் என்ன? நீளமான ஒரு நாடா, அதில் கட்டங்கள், ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தைப் படித்து எழுதும் ஒரு தலை. இவ்வளவு போதும் என்றார். அதற்கு மேல், வேறு எந்த எந்திரத்தின் விதிகளையும் நாடாவில் எழுதிக்கொடுத்தால் அதுவாகவே நடிக்கும் ஒரு பொது எந்திரம் சாத்தியம் என்று நிரூபித்தார். உங்கள் கையில் இருக்கும் போன் காலையில் கேமராவாகவும் மத்தியானம் பேங்க்காகவும் ராத்திரி சினிமாக் கொட்டகையாகவும் இருப்பது அந்த நிரூபணத்தின் பலன். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜெர்மானியரின் ரகசியக் குறியீட்டை உடைத்தவர்களில் முக்கியமானவர். 1952-ல் தன்பால் உறவுக்காக அவருடைய நாட்டுச் சட்டமே அவரைத் தண்டித்தது, 1954-ல் இறந்தார், அரச மன்னிப்பு வந்தது 2013-ல்.

நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று உண்டு. டூரிங்கின் அப்பா அன்றைய சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. அம்மா பிறந்ததே கோயம்புத்தூருக்கு அருகில் போத்தனூரில். அம்மாவின் அப்பா மெட்ராஸ் ரயில்வேயில் தலைமைப் பொறியாளர். பிள்ளை லண்டனில் பிறந்தான், இங்கிலாந்திலேயே வளர்ந்தான் என்பதால் அவரைத் தமிழ்நாட்டுக்காரர் ஆக்கிவிட வேண்டாம். நம் ஆட்கள் அதற்கும் தயங்கமாட்டார்கள்.

மின்சாரத்தில் முதலில் ஓடியது எது என்ற சண்டை கோர்ட் வரை போனது. பெர்லினில் கோன்ராட் சூஸே 1941-ல் ரிலேக்களை, அதாவது மின்சாரத்தால் திறந்து மூடும் ஸ்விட்சுகளை, வைத்து அறிவுறுத்தல்படி ஓடும் எந்திரத்தைச் செய்து முடித்திருந்தார். போர் நடுவில் வெளியுலகம் கவனிக்கவில்லை. அமெரிக்காவில் மாக்லியும் எக்கர்ட்டும் கட்டிய எனியாக் 1946-ல் அறிமுகமானது: சுமார் 18,000 வால்வுகள், 30 டன் எடை. அதற்கு வாங்கிய காப்புரிமையை 1973-ல் ஒரு நீதிபதி செல்லாது என்றார். அட்டனாசோஃப் என்ற பேராசிரியர் அதற்கு முன்பே மின்னணு முறையில் கணக்கிட்டுக் காட்டியிருந்தார் என்பது ஒரு காரணம்.

எனியாக்கில் வேலையை மாற்ற வேண்டுமென்றால் அட்டை மாற்றினால் போதாது. ஒயர்களைப் பிடுங்கி வேறு இடத்தில் செருக வேண்டும், நூற்றுக்கணக்கான ஸ்விட்சுகளைத் திருப்ப வேண்டும். நாள்கணக்கில் ஆகும். அதைச் செய்தவர்கள் ஆறு பெண்கள். அவர்கள் அதற்கு முன் பார்த்த உத்தியோகத்தின் பெயர்தான் ‘கம்ப்யூட்டர்’. கணியர்கள். எந்திரத்தை ஊருக்குக் காட்டிய விழாவுக்குப் பின் நடந்த விருந்துக்கு அவர்களை அழைக்கவில்லை.

ஒயர் பிடுங்கும் வேலைக்கு முடிவு கட்டிய யோசனை, அறிவுறுத்தல்களையும் எண்களாக்கி எந்திரத்தின் நினைவகத்துக்குள்ளேயே வைப்பது. 1945-ல் இதை விளக்கிச் சுற்றுக்கு வந்த அறிக்கையில் ஜான் வான் நாய்மன் பெயர் மட்டும் இருந்தது. எக்கர்ட்டுக்கும் மாக்லிக்கும் கடைசி வரை அந்த ஆற்றாமை. இன்றும் அதை வான் நாய்மன் கட்டமைப்பு என்றுதான் சொல்கிறோம். ஆனால் அதை முதலில் ஓட்டிக் காட்டியது மான்செஸ்டரில், 1948 ஜூன் 21-ல். ‘பேபி’ என்று செல்லப்பெயர் கொண்ட அந்த எந்திரத்தில் 17 அறிவுறுத்தல்கள் கொண்ட ஒரு புரோகிராம் 52 நிமிடம் ஓடி, 2,62,144 என்ற எண்ணுக்கு, அந்த எண்ணைத் தவிர்த்து, மிகப் பெரிய வகுஎண்ணைக் கண்டுபிடித்தது. இன்றைய போன் அதைக் கண் இமைக்கும் முன் செய்துவிடும். ஆனாலும் இன்று நாம் கணினி என்று சொல்லும் பொருள் பிறந்த நாள் எது என்று கேட்டால் நான் அந்த நாளைத்தான் காட்டுவேன்.

தகவல் கோட்பாடு தந்த ஷானனும், டிரான்சிஸ்டரும், சில்லு செய்த கில்பியும் நாய்ஸும் பெரிய கதைகள். ஒன்பதாம் வகுப்புப் பேச்சில் வைத்தால் நேரம் போதாது, விட்டுவிடுங்கள். கிரேஸ் ஹாப்பரை மட்டும் விடாதீர்கள். அமெரிக்கக் கடற்படையில் இருந்தவர், கணிதப் பேராசிரியர். மனிதர் எந்திரத்தின் மொழியில் எழுத வேண்டியதில்லை, மனிதச் சொற்களை எந்திர மொழிக்கு மாற்ற இன்னொரு புரோகிராமே போதும் என்றார். 1952-ல் அதற்கான முதல் படியைச் செய்தும் காட்டினார். கோபால் (COBOL) என்ற கணினி மொழி அவர் போட்ட பாதையில் வந்தது. நம் ஊர்ப் பையன்கள் பெயர் மாதிரி இருக்கிறதே என்று என் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் ஒருவன் சிரிப்பான்.

ஹாப்பர் தன் பேச்சுகளுக்குப் போகும்போது சுமார் 30 சென்டிமீட்டர் நீள ஒயர்த் துண்டுகளைக் கொண்டுபோய்க் கொடுப்பார். ஒரு நானோ செகண்டில் ஒளி போகும் தூரம் அதுதான். நானும் பழைய டெலிபோன் ஒயரை ஸ்கேல் நீளத்துக்கு வெட்டி வைத்திருந்தேன். ‘சார், கம்ப்யூட்டர் ஏன் ஸ்லோவா இருக்கு?’ என்று கேட்பவன் கையில் ஒன்றைத் திணிப்பேன். உங்கள் மகள் மேடைக்கு ஒரு துண்டு எடுத்துப் போகட்டும். நூறு புள்ளிவிவரத்துக்கு அது சமம்.

இப்போது பெரியப்பாவின் முக்கியமான குண்டு. அவர் மனதில் இருப்பது மிக்ரால் என்ற எந்திரமாகத்தான் இருக்க வேண்டும். 1973-ல் பிரான்சில் ஒரு சிறிய கம்பெனி, தேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்துக்காகச் செய்தது. பயிரிலிருந்தும் மண்ணிலிருந்தும் ஆவியாகும் தண்ணீரைக் கணக்கிட மலிவாக ஒரு கணினி வேண்டும் என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். பெரிய கணினி வாங்கக் காசில்லை. ஃபிரான்சுவா ஜெர்னெல் என்ற பொறியாளர் இன்டெல்லின் 8008 சில்லை வைத்து ஒரு பெட்டியைச் செய்தார். விலை 8,500 ஃப்ராங்க். எல்லோரும் பேசும் ஆல்டேர் என்ற அமெரிக்கச் சிறு கணினி வந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. அதனால் மைக்ரோபிராசஸர், அதாவது மூளைப் பகுதியை ஒரே சில்லில் அடக்கியது, வைத்து முழுசாகக் கட்டி விற்ற முதல் சிறு கணினி பிரெஞ்சுக்காரர்களுடையது என்று பெரியப்பா தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். முதல் கணினி என்று சொன்னால்தான் தப்பு.

அந்தக் கம்பெனி முதலாளி ஆந்த்ரே திருவோங் பிறந்தது சைகோனில். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் வியட்நாமுக்கு வேலைக்குப் போன ‘சைகோன் தாத்தா’ இல்லாத வீடு இங்கே பழைய குடும்பங்களில் குறைவு. அதனால் இந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு ஏதோ பக்கத்துத் தெரு ஆள் மாதிரித் தோன்றும். எந்திரம் யாருடையது என்று முதலாளிக்கும் பொறியாளருக்கும் பிணக்கு வந்து, வழக்காகி, உருவாக்கியவர் ஜெர்னெல்தான் என்று தீர்ப்பானது. இந்தத் துறையில் முன்னோடிகளின் பட்டியலை நீதிமன்றங்கள்தான் திருத்திக்கொண்டே இருக்கின்றன.

பெரியப்பா சொல்ல மறந்த இரண்டு பிரெஞ்சுக்காரர்களும் உண்டு. ஒருவர் எமில் போதோ. விவசாயி மகன், ஆரம்பப் பள்ளியோடு படிப்பு சரி, தந்தி ஆபீசில் வேலை. 1870-களில் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஐந்து ‘உண்டு-இல்லை’ போதும் என்று ஒரு குறியீடு செய்தார். ஐந்து கட்டைதான்; இடக்கையில் இரண்டு விரல், வலக்கையில் மூன்று விரல். ஆர்மோனியம் வாசிப்பது போல ஆபரேட்டர் அழுத்த வேண்டும். டயல்-அப் காலத்து மோடம் பெட்டியில் ‘பாட்’ என்று வேகம் போட்டிருக்குமே, அது இவர் பெயர்தான். இன்னொருவர் லூயி பூஸான். 1970-களில் சிக்ளாத் என்ற வலையமைப்பைக் கட்டினார். செய்தியைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் விலாசம் எழுதி விட்டுவிடுவது. வழியில் எது எப்படிப் போனாலும் சரி, கடைசியில் இருக்கும் கணினி சேர்த்துக்கொள்ளட்டும். வின்ட் செர்ஃபும் பாப் கானும் இணையத்துக்கு விதி எழுதியபோது இதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். பிரெஞ்சு அரசோ பூஸானுக்குப் பணத்தை நிறுத்திவிட்டு, தொலைபேசித் துறையின் வழிக்குப் போனது.

அந்த வழியில் பிறந்தது மினிடெல். 1982-ல் தொடங்கி வீடு வீடாக இலவசமாகக் கொடுத்தார்கள், டெலிபோன் டைரக்டரிக்குப் பதில். சின்னத் திரை, மடக்கும் கீபோர்டு. ரயில் டிக்கெட், பேங்க் கணக்கு, அரட்டை எல்லாம் அதில். நாம் இங்கே டிரங்க் கால் புக் செய்து காத்திருந்தபோது அங்கே பாட்டிகள் வீட்டிலிருந்தே டிக்கெட் எடுத்தார்கள். பெரியப்பாவின் பிரெஞ்சுப் பெருமைக்கு வேர் அங்கேதான் என்று நினைக்கிறேன். அதைக் கையில் வைத்து வாழ்ந்தவர் அவர். டிம் பெர்னர்ஸ்-லீ உலகளாவிய வலையை (www) உருவாக்கி, அவர் வேலை பார்த்த செர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வு நிறுவனம் 1993-ல் அதை உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தபின் மினிடெல் மெல்லப் பின்தங்கியது. 2012 ஜூன் 30-ல் நிறுத்திவிட்டார்கள்.

தமிழர் பங்கு கேட்டீர்கள். பொய் சொல்லாமல் சொல்வதற்கே போதுமானது இருக்கிறது. இந்தியாவில் வடிவமைத்த ஆரம்பக் கணினிகளில் பெயர் பெற்ற டிஃப்ராக், மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960-ல் செயலுக்கு வந்தது. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னையில் பிறந்து கிண்டியில் பொறியியல் படித்த ஆர். நரசிம்மன். ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன் 1960-களில் கான்பூர் ஐ.ஐ.டி.யில் கணினி அறிவியலைப் பாடமாகத் தொடங்கினார். அவர் எழுதிய பாடநூல்கள் மலிவு விலையில் வந்ததால்தான் என் மாதிரிச் சிற்றூர் ஆசாமிகள் படித்தோம். என் பிரதியின் அட்டை கிழிந்து, காலண்டர் தாள் ஒட்டி வைத்திருந்தேன். டூரிங் பெயரிலான விருதை 1994-ல் பெற்ற ராஜ் ரெட்டி ஆந்திரக்காரர், ஆனால் அவரும் கிண்டி மாணவர். 1976-ல் ஹெச்.சி.எல். தொடங்கிய சிவ நாடார் திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் பின்னாளில் நம் புதுச்சேரியிலேயே தயாராயின.

என்னைப் பொறுத்தவரை இவர்களுக்குச் சமமாக நிற்பவர்கள் தமிழைக் கணினிக்குள் கொண்டுவந்தவர்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980-களிலேயே தமிழில் தட்டச்சு செய்ய முரசு அஞ்சல் செயலியைச் செய்தார். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி 1995-ல் தமிழ்க் கவிதையை இணையத்தில் ஏற்றினார். அவர் செய்த விசைப்பலகையின் பெயர் என்ன தெரியுமா? கணியன். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று, தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். ஊர் ஊராகத் தன்னார்வலர்கள் உட்கார்ந்து இலக்கியத்தை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்கள்.

அந்தக் காலத்தில் பட்ட பாடு இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு எழுத்துரு. உங்களிடம் அது இல்லையென்றால் திரையில் கோழி கிளறிய மாதிரி வரும். ஒருமுறை கல்யாணப் பத்திரிகை ஒன்றை என் சென்டரில் அடித்து, ஃபிளாப்பியில் ஏற்றி, அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே திறந்தால் மணமகள் பெயர் இருந்த இடத்தில் கேள்விக்குறிகள். ராத்திரி பத்து மணிக்கு மறுபடி அடித்தோம். எழுத்து ஒவ்வொன்றுக்கும் உலகம் முழுக்க ஒரே எண் கொடுக்கும் யூனிகோடு பரவிய பின்தான் அந்தத் தலைவலி போயிற்று. இப்போது உலகத்தில் எந்தக் கணினிக்கும் ‘க’ என்றால் 2965, ‘அ’ என்றால் 2949. போதோவின் ஐந்து கட்டையில் 32 சேர்க்கைகள்தான் உண்டு. அதே யோசனையைத்தான் பெரிதாக்கித் தமிழுக்கு 128 இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்த இடப்பங்கீட்டில் தமிழறிஞர்களுக்குக் குறை உண்டு, எனக்கும் உண்டு. அது தனிக் கதை.

சரி, பேச்சுக்கு வருவோம். ஐந்து நிமிடம்தான் இருக்கும். பெயர்களை அடுக்க வேண்டாம். அம்மாவின் பட்டுப்புடவை முந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு ஜக்கார்டில் தொடங்கட்டும். பாபேஜ், ஏடா, டூரிங், அந்த ஆறு பெண்கள், ஹாப்பரின் ஒயர், கடைசியில் 2965. ‘தந்தை’ என்ற சொல் ஒரு தடவையும் வர வேண்டாம். ஸ்டீவ் ஜாப்ஸைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லி யாராவது வற்புறுத்தினால், அவர் இறந்த சுமார் ஒரு வாரத்தில், 2011 அக்டோபரில், டென்னிஸ் ரிட்சியும் காலமானார் என்பதையும் சேர்த்துக்கொள்ளட்டும். சி என்ற கணினி மொழியைச் செய்தவர், யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிய முக்கியமான இருவரில் ஒருவர். ஜாப்ஸுக்கு ஊரெல்லாம் மெழுகுவத்தி ஏற்றினார்கள். ரிட்சிக்கு அன்று என் சென்டரில் படித்த பழைய மாணவன் ஒருவன் மட்டும் போன் செய்தான்.

பெரியப்பாவிடம் கேட்க ஒன்று இருக்கிறது. பாரிஸ் வீட்டுப் பரணில் பழைய மினிடெல் பெட்டி இன்னும் கிடந்தால், அடுத்த முறை வரும்போது எடுத்துவரச் சொல்லுங்கள். ஓடாவிட்டாலும் பரவாயில்லை. என் அலமாரியில் ஃபிளாப்பி டிரைவுக்குப் பக்கத்தில் அதற்கு இடம் இருக்கிறது. சுங்கத்தில் என்ன சாமான் என்று கேட்டால், பழைய டெலிபோன் டைரக்டரி என்று சொன்னால் பொய்யாகாது.